கோயம்பேட்டிலிருந்து கடைக்கு: சென்னையில் காய்கறிக் கடை தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் காய்கறிக் கடை வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள்: கடையை எங்கே பிடிப்பது, கிலோவுக்கு எவ்வளவு லாபம் வைப்பது. இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது வரத்து. எந்தக் காய் எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில், எவ்வளவு தூரம் பயணம் செய்து வருகிறது என்று அறிந்தவர், மண்டியில் விலை சொல்வதற்கு முன்பே அதை ஏறக்குறைய ஊகித்துவிடுவார். அறியாதவர் சொன்ன விலைக்கு வாங்கி, மறுநாள் மாலையில் அழுகியதைக் கொட்டுவார். இந்தத் தொழிலில் நட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் விற்பனையில் இல்லை, கொள்முதலில்தான் இருக்கிறது. ஆகவே இங்கும் கொள்முதலைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் சந்தையைப் புரிந்துகொள்ளுங்கள்

முன்பு சென்னையின் மொத்தக் காய்கறி வியாபாரம் ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடியில் நடந்தது. லாரிகள் நுழைய முடியாத அளவுக்கு அந்தத் தெருக்கள் நெருக்கடியானதால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கோயம்பேட்டில் பெரிய வளாகம் கட்டி 1996இல் வியாபாரத்தை அங்கே மாற்றியது. காய், கனி, பூ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. அங்காடி நிர்வாகக் குழு அதை நடத்துகிறது.

சரக்கு அங்கே இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, விவசாயியோ ஊர் வியாபாரியோ அனுப்பிவைக்க, மண்டிக்காரர் விற்றுக் கொடுத்துத் தன் கமிஷனை எடுத்துக்கொள்வது. நூற்றுக்குப் பத்து ரூபாய் வரை கமிஷன் போகும். மற்றொன்று, மண்டிக்காரரே விளையும் இடத்தில் பணம் கொடுத்து வாங்கி லாரியில் ஏற்றி வருவது. முதல் வகையில் அன்றன்றைய சரக்கை அன்றே தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும். இரண்டாவது வகையில் மண்டிக்காரர் தன் அசலைக் காப்பாற்ற விலையை இறுக்கிப் பிடிப்பார். நீங்கள் பேரம் பேசும் சரக்கு எந்த வகை என்பது சில வாரம் பழகினால் தெரிந்துவிடும்.

பெரிய மண்டிகளில் மூட்டைக் கணக்கில்தான் தருவார்கள். அவர்களிடம் மொத்தமாக வாங்கி, பத்து கிலோ, இருபது கிலோ என்று பிரித்துத் தரும் சிறு மொத்தக் கடைகள் அதே வளாகத்தில் உண்டு. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அந்தக் கூடுதல் விலை நட்டமில்லை. ஒரு மூட்டை பீட்ரூட்டை மலிவாக வாங்கிப் பாதியைக் காயவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாங்காமல் போய்வாருங்கள்

கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சில இரவுகள் கோயம்பேட்டுக்குப் போங்கள். கையில் பை வேண்டாம், ஒரு சிறு குறிப்பேடு போதும். முன்னிரவிலிருந்தே லாரிகள் வரத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியதும் சரக்கு இறங்கி வியாபாரம் சூடுபிடிக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய நேரத்தில் வந்து, வெளிச்சம் வருவதற்குள் வண்டி ஏற்றிப் போய்விடுவார்கள். சீக்கிரம் வருபவருக்கு நல்ல ரகம் கிடைக்கும், விலை சற்று அதிகம். தாமதமாக வருபவருக்கு விலை இறங்கியிருக்கும், ஆனால் பலர் கை பட்டுப் பொறுக்கிய மிச்சம்தான் கிடைக்கும். உங்கள் தெருவில் என்ன எடுபடும் என்பதைப் பொறுத்து உங்கள் நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த இரவுகளில் ஒரே காயை நான்கைந்து மண்டிகளில் விசாரியுங்கள். "அண்ணே, இன்று வரத்து எப்படி?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "லோடு குறைவு", "மழையில் நின்றுபோச்சு", "நேற்றைய சரக்கு தேங்கியிருக்கிறது" என்று ஒரு வரியில் பதில் வரும். அந்த ஒரு வரியில் அன்றைய விலையின் காரணம் முழுவதும் இருக்கும்.

எது எங்கிருந்து வருகிறது

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டியது இது. சென்னைக்கு வரும் தக்காளியில் பெரும்பங்கு ஆந்திரத்தின் மதனப்பள்ளி, பலமனேர் பக்கமிருந்தும் கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டமும் அனுப்புகிறது. மாலையில் ஏற்றினால் இரவுக்குள் வந்துவிடும் தூரம். அதனால் அந்தப் பக்கம் இரண்டு நாள் அடைமழை என்றால் மூன்றாம் நாள் இங்கே விலை ஏறும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னையில் ரேஷன் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது.

பெரிய வெங்காயம் வேறு கதை. மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியிலிருந்து, முக்கியமாக லாசல்கான் சந்தையை ஒட்டிய ஊர்களிலிருந்து வருவது இரண்டு நாள் பயணம். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகும் வெங்காயத்தைத்தான் பட்டறை போட்டு, அதாவது காற்றோட்டமாகச் சேமித்து வைத்து, மாதக்கணக்கில் விற்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் அந்த இருப்பு கரையும். புது அறுவடை மழையால் தள்ளிப்போனால் விலை எகிறும். 2019 செப்டம்பரிலும் 2023 டிசம்பரிலும் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும் இதே நெருக்கடியால்தான். மழைக்காலத்தில் வரும் புது வெங்காயத்தில் ஈரம் அதிகம், இரண்டு நாளில் கசியத் தொடங்கும். அந்த மாதங்களில் மூட்டையாக வாங்காதீர்கள்.

உருளைக்கிழங்கில் ஊட்டி, கோலார், ஆக்ரா என்று மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். செம்மண் ஒட்டிய ஊட்டி உருளைக்கு எப்போதும் விலை கூடுதல். ஆக்ரா உருளை குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவது. குளிரில் கிடந்ததால் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடும். வறுவல் சீக்கிரம் கருகும், வாடிக்கையாளர் "இனிக்கிறது" என்பார். எந்த உருளை என்று கேட்டால் உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

கேரட், பீட்ரூட், பீன்ஸ், கோஸ் போன்ற இங்கிலீஷ் காய்கள் ஊட்டியிலிருந்தும், ஓசூர், மாலூர், கோலார் பகுதிகளிலிருந்தும் வருகின்றன. சாம்பார் வெங்காயம் பெரம்பலூர், நாமக்கல், திண்டுக்கல் பக்கம். முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, தூத்துக்குடி. மார்கழி ஒட்டி அங்கே காய்ப்பு குறையும்போது விலை தலைசுற்ற வைக்கும். கீரை, வெண்டை, புடலை, கத்தரி போன்றவை திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் கிடைக்கும்.

உரிமமும் தராசும்

இதை நீட்டத் தேவையில்லை. கடை என்றால் மாநகராட்சியின் தொழில் உரிமமும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் எடுத்துவிடுங்கள். தள்ளுவண்டி என்றால் 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி தரும் அடையாள அட்டை உங்கள் பாதுகாப்பு. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எலெக்ட்ரானிக் தராசை ஆண்டுதோறும் முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. தராசின் எண்கள் வாடிக்கையாளர் பக்கம் தெரியும்படி வையுங்கள். காய்கறிக் கடையில் நம்பிக்கை முதலில் கெடுவது எடையில்தான்.

சரக்கைப் பார்த்து எடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். தக்காளிப் பெட்டியில் மேல் வரிசை எப்போதும் பளபளப்பாக இருக்கும். ஒரு ஓரத்தில் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். அடியில் பொடியும் வெடித்ததும் இருந்தால் விரலில் ஈரம் ஒட்டும். பெட்டியின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தாலும் அதே பொருள்தான். பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்காமல் விலை பேசாதீர்கள். ஊருக்கு ஊர் பெட்டி மாறும், ஒட்டன்சத்திரம் பக்கம் 14 கிலோ. முழுச் சிவப்பு இன்றைக்கு விற்க, பாதி நிறம் மாறியது நாளைக்கும் மறுநாளைக்கும். இரண்டையும் கலந்து எடுங்கள்.

வெங்காய மூட்டையைக் கையால் பார்ப்பதைவிட மூக்கால் பார்ப்பது நல்லது. உள்ளே அழுகியது ஒன்று இருந்தாலும் வாடை காட்டிக்கொடுக்கும். மூட்டைக்குள் கைவிட்டால் சூடாகத் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். கழுத்து இறுகிக் காய்ந்த வெங்காயம்தான் நிற்கும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்டியில் அதைச் செய்தால் திட்டு விழும். அதற்குப் பதில் நடுவில் லேசாக வளைத்துப் பாருங்கள், முற்றியது வளையாமல் விறைப்பாக நிற்கும். கத்தரிக்குக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகக் கூடாது. முருங்கையில் விதை புடைத்துத் தெரிந்தால் முற்றல். கோஸைக் கையில் தூக்கினால் உருவத்துக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். அடிக்காம்பு வெட்டிய இடம் கறுத்திருந்தால் பழையது. ஊட்டி கேரட்டை அங்கேயே இயந்திரத்தில் கழுவி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கழுவிய கேரட் சீக்கிரம் வாடிக் கறுக்கும். இரண்டு நாளுக்கு மேல் வைக்கும்படி வாங்க வேண்டாம். உருளையில் பச்சை நிறம் ஏறியிருந்தால் வெயில் பட்டது என்று பொருள், அது உடம்புக்கு ஆகாது. மூட்டையில் அப்படி நிறைய இருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

எவ்வளவு வாங்குவது

முதல் மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று காய்களோடு நிறுத்திக்கொள்ளலாம். தக்காளி, பெரிய வெங்காயம், சாம்பார் வெங்காயம், உருளை, கேரட், பீன்ஸ், கத்தரி, வெண்டை, முருங்கை, பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை. இவை இல்லாமல் சென்னையில் சமையல் நடக்காது. புரோக்கோலி, குடைமிளகாய் எல்லாம் வாடிக்கையாளர் கேட்டு, கேட்டவர் திரும்பவும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெங்காயம், உருளை, இஞ்சி, சேனை மட்டும் நாலைந்து நாளுக்கு வாங்கலாம். மற்றதெல்லாம் ஒரு நாள் சரக்கு. பாதி நாளில் தீர்ந்துபோனால் கவலைப்படாதீர்கள். மாலையில் "தீர்ந்துவிட்டது" என்று கேட்டவர் மறுநாள் காலையில் வருவார். வாடிய காயை வாங்கிப்போனவர் வருவது சந்தேகம்.

விலைக் கணக்கை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 15 கிலோ தக்காளிப் பெட்டி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 20 என்று மனம் கணக்குப் போடும். தூக்குகூலி 12, பல கடைக்காரர்கள் சேர்ந்து பிடிக்கும் குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியில் உங்கள் பங்கு 18 என்றால் மொத்தம் 330. கடையில் பிரித்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ உடைசலும் அழுகலும் போகும். மிஞ்சுவது பதின்மூன்றரைக் கிலோ. ஆகக் கிலோவுக்கு அசலே ஏறக்குறைய இருபத்துநான்கரை ரூபாய். இதற்கு மேல்தான் வாடகை, மின்சாரம், பை, உங்கள் உழைப்பு. கொசுறாகக் கொடுக்கும் கறிவேப்பிலை, கொத்தமல்லியும் காசு கொடுத்து வாங்கியதே. கொசுறை நிறுத்தாதீர்கள், சென்னையில் அதை எதிர்பார்ப்பார்கள். ஆனால் அதையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

தூக்குகூலியில் பேரம் வேண்டாம் என்பது என் கருத்து. விடிய விடிய மூட்டை சுமப்பவர்கள் அவர்கள். ஒழுங்காகக் கூலி தருபவரின் சரக்கு நசுங்காமல் வண்டி ஏறுவதையும் பார்க்கலாம்.

கடைக்கு வந்த பிறகு

வந்தவுடன் சாக்கிலிருந்தும் பெட்டியிலிருந்தும் எல்லாவற்றையும் கொட்டிக் காற்றாட விடுங்கள். அழுகல் ஒன்று கிடந்தால் அருகில் உள்ளதையும் கெடுக்கும். எல்லாக் காய்க்கும் தண்ணீர் தெளிப்பது பலர் செய்யும் தவறு. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஈரச் சாக்கு நல்லது, முருங்கையை நனைந்த சாக்கில் சுற்றி வைக்கலாம். வெண்டைக்காயில் தண்ணீர் பட்டால் கறுத்து வழுவழுக்கும். வெங்காயம், உருளை, பூண்டு பக்கம் தண்ணீரே போகக் கூடாது. வெங்காயத்தையும் உருளையையும் ஒன்றாகக் குவிக்காதீர்கள், சேர்ந்து கிடந்தால் உருளை சீக்கிரம் முளைவிடும். வெள்ளரி, வெண்டை, கத்தரி போன்றவற்றைக் கடுங்குளிரில் வைத்தால் தோலில் பள்ளம் விழும். கடையில் குளிர்பதனப் பெட்டி இருந்தாலும் இவற்றுக்கு நிழலும் காற்றும் போதும்.

இரண்டு தரமாகப் பிரித்து இரண்டு விலை வையுங்கள். சிறியதும் சற்று வளைந்ததும் சுவையில் குறைந்தவை அல்ல. இட்லிக் கடை, மெஸ் நடத்துபவர்கள் அந்த இரண்டாம் ரகத்தைத் தேடி வருவார்கள். விலைப் பலகையைத் தினமும் எழுதுங்கள். விலை எழுதாத கடையில் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நுழையாமலே போய்விடுகிறார்கள்.

உங்கள் விலை நியாயமா என்று சரிபார்க்க உழவர் சந்தை பலகை நல்ல அளவுகோல். 1999இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் மொத்த விலைக்கு மேல், சில்லறை விலைக்குக் கீழ் என்ற கணக்கில் தினமும் விலை குறித்துப் போடுகிறார்கள். உங்கள் விலை அதைவிடச் சற்று அதிகமாக இருப்பது இயல்பு. வெகுவாக அதிகமென்றால் உங்கள் கொள்முதலில் கோளாறு இருக்கிறது.

நாட்காட்டியைப் பார்த்து வாங்குவது

மண்டியில் வரத்து விலையைத் தீர்மானிக்கிறது என்றால், உங்கள் கடையில் விற்பனையைத் தீர்மானிப்பது நாட்காட்டி. அமாவாசைக்கு முதல் நாள் வாழைக்காய், அவரை, புடலை, சேப்பங்கிழங்கு, பூசணி கேட்டு வருவார்கள். அன்று வெங்காயமும் பூண்டும் பல வீடுகளில் சேராது. புரட்டாசி முழுவதும் அசைவத்தைத் தள்ளிவைப்பவர்கள் காய் பக்கம் வருவதால் விற்பனை உயரும். அடுத்து ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை, மார்கழி. முகூர்த்தம் நெருங்கினால் கல்யாண சமையல்காரர்கள் மூட்டை மூட்டையாக எடுப்பார்கள். அந்த நாட்களில் பீன்ஸ், கேரட், முருங்கை விலை திடீரென்று ஏறும். ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணியும் பொங்கலுக்கு மொச்சை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, மஞ்சள் கொத்தும் இரண்டே நாள் வியாபாரம். முந்தைய நாளே தீரும் அளவுக்கு மட்டும் எடுங்கள். பொங்கல் முடிந்த மறுநாள் மஞ்சள் கொத்தை யாரும் சீண்ட மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரையும் கொத்தமல்லியும் கட்டுக்குள் அழுகி வரும். விலை பன்மடங்காக இருக்கும், பாதி வீணாகும். அப்போது கொத்தமல்லியைக் கொசுறிலிருந்து எடுத்துவிட்டுக் கறிவேப்பிலை மட்டும் தருவது தவறில்லை, காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

விவசாயியிடம் நேரடியாக

கோயம்பேடு ஒன்றை மட்டும் நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. 2020 மே மாதத்தில் கொரோனா பரவலால் அந்த வளாகம் மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை நடந்தது. மொத்தக் காய்கறி வியாபாரம் செப்டம்பர் 28ஆம் தேதிதான் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. அந்த மாதங்களில் புறநகரின் தோட்டக்காரர்களோடு பழக்கம் வைத்திருந்த கடைக்காரர்களுக்குக் கீரையும் நாட்டுக் காயும் தடையின்றிக் கிடைத்தன.

எனக்கு இதில் ஆபத்தைவிடப் பெரிய காரணம் வேறு. சந்தையில் தக்காளி விலை விழும்போது பறிகூலி, பெட்டி, லாரி வாடகை, கமிஷன், இறக்குகூலி எல்லாம் போக விவசாயியின் கைக்கு வருவது ஒன்றும் இருக்காது. பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள், சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதே நாளில் நகரத்தில் யாரும் தக்காளியை இலவசமாகத் தின்பதில்லை. ஒரு சிறு கடைக்காரர் இதை முழுவதும் மாற்றிவிட முடியாது. ஆனால் திருவள்ளூர் பக்கம் இரண்டு மூன்று தோட்டக்காரர்களிடம் கீரை, வெண்டை, கத்தரியை மண்டி விலைக்கே வாங்கலாம். கமிஷனும் ஒரு பக்க வாடகையும் அவர்களுக்கு மிஞ்சும், உங்களுக்கு அன்று பறித்த காய் கிடைக்கும். ஒரே நிபந்தனை: அன்றைய பணத்தை அன்றே கொடுங்கள். அடுத்த வாரம் என்று இழுத்தால் அவர் மீண்டும் லாரியில்தான் ஏற்றுவார், அது நியாயமும்கூட.

கடனும் குறிப்பேடும்

மண்டியில் சில மாதம் ரொக்கம் கொடுத்துப் பழகினால் அவர்களே கடன் தர முன்வருவார்கள். வாங்கலாம், ஆனால் வாரக் கணக்கைத் தாண்ட விடாதீர்கள். பாக்கி நிற்கும் மண்டியில் சரக்கைக் கொட்டிப் பார்க்கவோ வேண்டாம் என்று சொல்லவோ வாய் வராது. அவர் தள்ளிவிடுவதை எடுத்துவர வேண்டியதாகிவிடும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் மாதக் கணக்கையும் தெரிந்த நாலைந்து வீடுகளோடு நிறுத்துங்கள்.

மாலை ஏழு மணிக்கு மேல் கீரை, கொத்தமல்லி, பழுத்த தக்காளி விலையைக் குறைத்துத் தள்ளிவிடுங்கள். விற்க முடியாத தோலும் தழையும் மாடு வளர்ப்பவருக்கோ உரக்குழிக்கோ போகட்டும், தெருவோரம் கொட்டாதீர்கள். பிறகு குறிப்பேட்டில் நான்கு கலங்கள் எழுதுங்கள்: வாங்கியது, விற்றது, கழிவு, கேட்டும் இல்லாமல் போனது. நான்காவது கலத்தில் ஒரே காய் வாரத்தில் மூன்று முறை வந்திருந்தால், அடுத்த முறை கோயம்பேட்டில் அதையும் ஐந்து கிலோ எடுத்து வாருங்கள்.